வட்டுக்கோட்டைக்கு வழியும் கொட்டைப்பாக்கின் விலையும்

வட்டுக்கோட்டைக்கு வழி எது என்று கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு என்றானாம். யாழ்ப்பாணத்தில் இந்தப் பழமொழியை அறியாதவர் குறைவு. கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்பவரை ஒரே வசனத்தில் மடக்க இதைவிட வசதியான வேறொன்று நம்மிடம் இல்லை. கடலுக்கு அப்பால் தமிழகத்தில் இதே பழமொழி பட்டுக்கோட்டைக்கு வழி கேட்கிறது. அங்கும் கொட்டைப்பாக்கின் விலைதான் பதிலாக வருகிறது. எந்தக் கோட்டை முந்தியது என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். ஊர் மாறியும் பழமொழி குலையவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். வட்டு, பட்டு, துட்டு, எட்டு, கொட்டை என்று எதுகை அதைக் கட்டி நிறுத்தியிருக்கிறது. சுன்னாகத்துக்கோ சாவகச்சேரிக்கோ ஒருவன் வழி கேட்டிருந்தால் இந்தப் பழமொழி பிறந்தே இராது. துட்டு என்பது ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசின் பெயர். அதைக் கொடுத்துப் பாக்கு வாங்கியவர் எவரும் இன்று இல்லை. துட்டுக்கு எட்டு என்பது மலிவா, கொள்ளை விலையா என்று சொல்லக்கூடியவரும் இல்லை. நேர்ப்பொருளில் பாதி செத்துப்போன பிறகும் இந்த வசனம் நாக்கில் நிற்கிறது. ஏனென்றால் கேட்டதற்குப் பதில் சொல்லாத மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிக்கும் வேலையும் இருக்கிறது.

மொழியிலும் பண்பாட்டிலும் உருவம், பொருள், பயன் என்ற மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு இந்தச் சிறு வசனமே போதிய சான்று. உருவம் அதை நினைவில் வைக்கிறது. பொருள் தேய்ந்தும் மாறியும் போகிறது. பயன் உள்ளவரை மற்ற இரண்டும் எப்படியோ தாக்குப்பிடிக்கின்றன. நமது இலக்கண மரபுக்கு இது புதிதல்ல. எல்லாச் சொல்லும் பொருளைக் குறிக்கும் என்று வகுத்த தொல்காப்பியரே, இடைச்சொற்களில் சில இசையை நிறைப்பதற்கும் அசையாய் நிற்பதற்கும் வருகின்றன என்று அவற்றுக்குத் தனி இடம் கொடுத்தார். ஒரு சொல் எதைச் சொல்கிறது என்பது ஒரு கேள்வி, அது அங்கே என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி என்ற தெளிவு அவரிடம் இருந்தது. இன்றைய தமிழ்ப் பொதுவாழ்வில் அந்தத் தெளிவு மங்கிவிட்டது. உருவத்தைக் காப்பதற்கு விழா எடுக்கிறோம். பொருளைப் பற்றி வாதிடுகிறோம். பயனைப் பற்றிய கேள்வி மட்டும் எழுவதே இல்லை. மொழியைக் காக்க விரும்புகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் வாதம். அதற்கான சான்றுகள் வட்டுக்கோட்டையையும் அதன் அயலையும் சுற்றியே கிடைக்கின்றன.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூர். 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணம் ஒன்றை அராலியைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்தார். பூர் ஐரோப்பிய வானியல் முறையில் தானும் கணித்துப் பார்த்தார், இரண்டும் வேறுபட்டன. கிரகணம் பூரின் கணக்கைத்தான் மெய்ப்பித்தது. பஞ்சாங்கத்தின் பிழை வெளியானால் அதைத் தாங்கி நிற்கும் சாத்திரமும், சாத்திரத்தைத் தாங்கி நிற்கும் சமயமும் ஆட்டம் காணும் என்று மிஷனரிமார் எதிர்பார்த்தார்கள். செமினறியில் வானியல் இன்னும் ஊக்கமாகக் கற்பிக்கப்பட்டது. பஞ்சாங்கமோ எங்கும் போகவில்லை. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் கழித்தும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அது தொங்குகிறது. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் வெளியாகின்றன. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை அவை வேறுவேறாகச் சொல்ல, நமது பத்திரிகைகளும் இரண்டையும் அருகருகே அச்சிடுகின்றன. இதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்குகிறவர் பூர் விட்ட அதே தவறையே விடுகிறார். பஞ்சாங்கம் வானத்தைப் பற்றிய கூற்று என்று அவர் எடுத்துக்கொண்டார். அதன் பொருளைச் சோதித்தார். பொய்த்தது என்று காட்டினார். அதை வைத்திருந்தவர்களுக்கு அது நாள் பார்க்கும் கருவி. கலியாணத்துக்கும் குடிபுகுதலுக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் பலர் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூட வேண்டும் என்றால் எல்லோரும் ஏற்கும் ஒரு கணக்கு வேண்டும். கிரகணத்தில் கணக்குப் பிசகியதால் அந்த வேலை நின்றுவிடவில்லை. வானியல் நூல் அந்த வேலையைச் செய்ய முன்வரவும் இல்லை.

செமினறியின் கதையும் அதே வழியில்தான் போனது. மிஷன் அதைச் சுதேச போதகர்களை உருவாக்கும் இடமாகக் கண்டது. ஊரார் ஆங்கிலத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வாசலாகக் கண்டார்கள். கட்டடம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, இரு தரப்பாரும் அதில் எதிர்பார்த்த பயன் மட்டும் வேறு. அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் தலைமையிலான குழு நிலைமையைப் பார்த்துவிட்டு 1855இல் செமினறியை மூடச் செய்தது. அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். பின்னவர் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். போதகர்களுக்காகக் கட்டிய நிலையம் சங்க நூலின் பதிப்பாசிரியரைத் தந்ததை எவரும் திட்டமிடவில்லை. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, ஊர் எதை விரும்பியதோ அதுவே அதன் பணியாயிற்று.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சி. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய இந்த அமெரிக்க வைத்தியர், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. நூற்பெயர்களைப் பார்த்தாலே அவருடைய மனம் தெரிகிறது. இரண வைத்தியம் என்பது நாட்டு வைத்தியர்களின் வாயில் ஏற்கெனவே இருந்த வழக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வடமொழிச் சொல் உதவிய இடத்தில் அதைத் தள்ளவில்லை. இரண்டும் உதவாத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் விகுதி கொடுத்துக் கெமிஸ்தம் ஆக்கினார். இந்தச் சொற்களின் தூய்மையைப் பற்றி இன்று எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் அறுபதுக்கு மேற்பட்ட சுதேச வைத்தியர்களை அவர் பயிற்றினார். 1860களிலிருந்து தமிழ்வழியில் பயின்றவர்கள் இந்தச் சொற்களைக் கொண்டே உடலைக் கற்றார்கள், சத்திரசிகிச்சை செய்தார்கள், நோயாளியிடம் பேசினார்கள்.

பிறகு அந்தச் சொற்கள் என்ன ஆயின? பெரும்பாலானவை நூலகங்களில் உறங்குகின்றன. அவை அழகற்றவை என்பதால் மறையவில்லை; பொருள் விளங்காததாலும் மறையவில்லை. 1870இல் கொழும்பில் ஆங்கில மொழியில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அரசாங்க நியமனமும் அங்கீகாரமும் அந்த வழியாகப் போயின. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். தமிழில் மருத்துவம் படித்தவனுக்குத் தொழில் இல்லை என்ற நிலை வந்ததும் அந்தச் சொற்களுக்கும் தொழில் இல்லாமற் போயிற்று. நல்ல நூல்கள், பொருத்தமான சொற்கள், பயின்ற ஆசிரியர்கள் அனைத்தும் இருந்தும், பயன் பறிக்கப்பட்ட ஒரே காரணத்தால் ஒரு துறை முழுவதும் தமிழிலிருந்து கழன்றுபோனது.

இதற்கு மறுபக்கமும் நம் கண்முன்னே இருக்கிறது. இலங்கைப் பள்ளிகளில் க.பொ.த. உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கலாம். ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று நமது பாடநூல்கள் எழுதுகின்றன; தமிழகத்தில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு. நம்முடையது பௌதிகவியல், அவர்களுடையது இயற்பியல். நாம் ஒளித்தொகுப்பு என்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்கிறார்கள். தமிழகத்தார் ஒட்சிசனைக் கண்டு வியக்கிறார்கள். நம்மில் சிலர் அதைப் பற்றிக் கூச்சப்படுகிறார்கள். உண்மையில் அந்தச் சொல் கவனமாகச் செய்யப்பட்டது. தமிழில் டகர ஒற்றின் பின் சகரம் வரலாம். ஆட்சியிலும் காட்சியிலும் அப்படியே வருகிறது. அந்தப் பழைய இடத்தில் புதிய சொல்லைப் பொருத்தினார்கள். ஆனாலும் அது நிலைத்ததற்குக் காரணம் அந்த ஒலியமைதி அன்று. வினாத்தாள் அதில் வருகிறது, விடை அதில் எழுதப்படுகிறது, அந்த விடைக்குக் கிடைக்கும் புள்ளியில் ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி தங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்தச் சொல்லால் சிந்தித்துத் தேறியிருக்கிறார்கள்.

உருவத்துக்கு மதிப்பே இல்லையா என்று தனித்தமிழில் பற்றுடையோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒளித்தொகுப்பு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஒளியோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று என்றாவது பிள்ளைக்குப் புரிகிறது. ஒட்சிசன் அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. தன் பொருளைத் தானே சொல்லும் சொல் கற்பதை இலகுவாக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழமொழியை எதுகை காத்ததுபோல, நல்ல உருவம் சொல்லுக்கு நீண்ட ஆயுளையும் தரலாம். ஆயினும் விளங்கும் சொல் வேலையின்றிச் சாவதையும், விளங்காத சொல் வேலை கிடைத்து வாழ்வதையும் அருகருகே பார்த்துவிட்டோம். எனவே கலைச்சொல் குழு கூடும்போது எந்தச் சொல் தூயது என்ற விவாதத்தில் செலவிடும் நாட்களில் பாதியையாவது, இந்தச் சொல்லை யார், எங்கே, எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற கேள்விக்கு ஒதுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்த அகராதிக்குச் செலவழிக்கும் காகிதம் வீண்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. பயன்தான் அளவுகோல் என்றால், பயன் தீர்ந்த கலைகளைக் கைவிட்டுவிடலாமா? அறுவடை முடிந்து வெறும் வயலில் விடிய விடிய ஆடிய கூத்துக்கு இன்று என்ன வேலை? அதற்கு வரலாறே விடை தந்திருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை எடுத்து, கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றினார். இரவு முழுவதும் நீண்டது சில மணிநேரமாகச் சுருங்கியது. வட்டக்களரி போய் ஒருபக்க மேடை வந்தது. பழையது குலைந்துவிட்டது என்ற முறைப்பாடு அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அந்த முறைப்பாட்டில் இழப்பின் வலி இருக்கிறது; அதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு புதிய வேலை கிடைத்தது: படித்த தமிழர் தம் சொந்த அரங்கை மதிக்கக் கற்றார்கள். வேலை மாறும்போது உருவமும் மாறும். உருவம் துளியும் மாறக்கூடாது, புதிய வேலையும் கிடைக்க வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்பது நடவாத காரியம். பரிசளிப்பு விழாவில் பத்து நிமிடம் ஆடிவிட்டு அடுத்த ஆண்டுவரை உடுப்பைப் பெட்டியில் வைப்பது எனக்குப் புதிய வேலையாகத் தோன்றவில்லை.

சட்டத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. உருவம் பெற்றோம், பொருளிலும் மயக்கமில்லை. அரச அலுவலகம் ஒன்றில் தமிழில் கொடுத்த கடிதத்துக்குத் தமிழில் பதில் வரும்போதுதான் அந்தத் திருத்தம் பயன்படுகிறது. பதில் வேறு மொழியில் வரும் ஒவ்வொரு முறையும் அது ஏட்டில் நிற்கிறது. பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழையைக் கண்டு நாம் கொதிக்கிறோம். அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள மேசையில் தமிழில் வேலை நடக்கிறதா என்பதற்கு அதைவிடப் பத்து மடங்கு கொதிக்க வேண்டும்.

கிறீன் விட்ட இடத்தையாவது நாம் மீண்டும் தொடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் ஆரம்பித்தது, ஆங்கிலத்தில் கற்பிக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. உலக மருத்துவ அறிவு அந்த மொழியில் வருகிறது. பல இனத்து மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் அந்த வைத்தியர்களிடம் வரும் நோயாளி தமிழில் நோகிறார், தமிழில் அஞ்சுகிறார், தமிழில் கேட்கிறார். அவருடைய கிளினிக் கொப்பியில் ஆங்கிலக் குறிப்புக்குக் கீழே தமிழில் மூன்று வரி எழுத வேண்டும் என்று விதிக்கலாம்: நோய் என்ன, மருந்தை எப்போது எப்படி எடுப்பது, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வருவது. நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் ஆயுள் முழுவதும் மருந்து எடுப்பவருக்கு இந்த மூன்று வரி உயிர் காக்கும். இறுதியாண்டு மாணவர் நோயாளிக்கு அவருடைய நோயை அவருடைய மொழியில் விளக்குவதற்குப் பரீட்சையில் கணிசமான புள்ளி இருக்கட்டும். சிங்கள மாணவரும் அதில் தேற வேண்டும்; வடக்கிலோ கிழக்கிலோ பணியாற்றப் போகும்போது அவருக்கும் அது கைகொடுக்கும். அந்தப் புள்ளிக்காக மாணவர்கள் சொற்களைத் தேடுவார்கள். கிறீனின் நூல்களில் சில அகப்படும், பாடநூல்களில் சில, தாதியரின் பேச்சில் சில. மீதியை அவர்களே ஆக்கிக்கொள்வார்கள்.