ஒரே ஒரு பாடம் படிக்க யார் பணம் தருவார்?

சாயங்காலம் ஆறு மணி. திருச்சி சத்திரம் பஸ் நிலையம். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கடையிலும் ஆபீசிலும் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

அவர்களில் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜவுளிக் கடையில் விற்பனை வேலை. பிளஸ் டூ படித்தவள். கணக்கு எழுதத் தெரிந்தால் சம்பளம் உயரும். அவளுக்குப் பட்டம் வேண்டாம். கணக்கியல் என்ற ஒரு பாடம் போதும். வேலையை விட முடியாது. இரவில், வீட்டில்தான் படிக்க வேண்டும்.

படிப்பு இருக்கிறது. பணத்துக்கு வழி உண்டா?

கதவு திறந்தது

இந்தியாவில் தபால் வழிக் கல்வியை 1962-ல் டில்லி பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது. 1985-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டன. திருச்சியில் 1982-ல் பிறந்த பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தொலைநிலைக் கல்வி தருகிறது.

2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' வந்தது. இதில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துப் படிக்கலாம். பாடம் கேட்கக் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமானால் பரீட்சைக் கட்டணம் உண்டு. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் பாடங்களுக்கு அது ஆயிரம் ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 500 ரூபாய்.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா? மாதக் கடைசியில் பால் கணக்குத் தீர்க்கும் குடும்பத்தைக் கேளுங்கள், தெரியும்!

உதவி யாருக்கு?

பாங்குகளின் கல்விக் கடன் பெரும்பாலும் முழுநேரப் படிப்புக்குத்தான். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்கு அது கிடையாது.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான உபகாரச் சம்பள விதிகள் சற்றுத் தாராளமானவை. 2010-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளில், தபால் வழி படிப்போருக்கும் கட்டணம் திருப்பித் தரப்பட்டது. புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாயும் அப்போது கிடைத்தது. ஆகவே, மனம் இருந்தால் வழி இருக்கிறது.

ஏன் இப்படி?

மாணவர் என்றால் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற இளைஞர் என்றே விதிகள் நினைக்கின்றன. கல்லூரி வருகைப் பதிவைக் காட்டும். அரசு பணம் தரும். வீட்டில் இரவு படிப்பவளுக்கு யார் வருகைப் பதிவு எழுதுவது? பணம் வாங்கிக்கொண்டு படிக்காமல் விட்டால் என்ன செய்வது? இந்தச் சந்தேகமும் நியாயமே.

சிங்கப்பூர் செய்த ஏற்பாடு

திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே 2016 முதல், 25 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் அரசு 500 வெள்ளி வரவு வைத்தது. 2024 மே மாதம், 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி சேர்த்தது. பணம் கைக்கு வராது. அங்கீகாரம் பெற்ற பாடத்தின் கட்டணமாகவே கழியும். குறுகிய காலப் பாடம் ஒன்றுக்கும் இதைச் செலவிடலாம்.

நம்மால் முடியாதா?

அவ்வளவு வேண்டாம். பரீட்சையில் தேறிய பிறகு, அந்த ஒரு பாடத்தின் கட்டணத்தைத் திருப்பித் தந்தால் போதும். தேர்ச்சிச் சான்றிதழே சாட்சி. ஏமாற்ற இடமில்லை.

அதுவரை, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு அந்தத் தொலைநிலைப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா? ஒரு பாடத்துக்கு மட்டும் கட்டணம் கட்டலாமா? கட்டணச் சலுகை யார் யாருக்கு?

நாள் முழுவதும் உழைத்துவிட்டு, இரவில் புத்தகத்தைத் திறக்கிறவளும் மாணவிதான். அதைச் சர்க்கார் விதிப் புத்தகத்தில் எழுதினால், அடுப்படி விளக்கும் பள்ளிக்கூட விளக்காகும்.