காயம் சிறியதென்றால் குற்றமும் சிறியதா?

"ரெண்டு தட்டுத்தானே தட்டினார்கள், இதற்கெல்லாமா கேஸ்?" சிறையில் அடித்தார்கள் என்று ஒரு கைதி சொன்னால் நம்மில் பலர் வாயிலிருந்து வருவது இதுதான். "உள்ளே இருப்பவன் என்ன உத்தமனா?" என்று கூடவே ஒரு கேள்வி வேறு! இந்தப் பேச்சை ஒரு நீதிமன்றமே பேசினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பேசியது, சகோதரர்களே!

லூசியானா மாநிலத்தில் அங்கோலா என்ற இடத்தில் உள்ள சிறை. 1983 அக்டோபர் 30 அதிகாலை. கீத் ஹட்சன் என்ற கைதிக்கும் காவலர் ஒருவருக்கும் வாய்த்தகராறு. இரண்டு காவலர்கள் ஹட்சனுக்குக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி அறையிலிருந்து வெளியே நடத்திச் செல்கிறார்கள். வழியில் ஒருவர் அவரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து உதைக்க, மற்றவர் வாயிலும் கண்ணிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் குத்துகிறார். மேற்பார்வை அதிகாரி பார்த்துக்கொண்டே நிற்கிறார். தடுத்தாரா? ரொம்பவும் கும்மாளம் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னாராம்!

முகம் வீங்கியது. பற்கள் ஆடின. கட்டிய பல் விரிசல் விட்டது. ஹட்சன் வக்கீல் இல்லாமல் தானே வழக்குத் தொடுத்தார். விசாரித்த மாஜிஸ்திரேட் 800 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் பறித்தது. அடித்தது தேவையற்றது, அத்துமீறல் என்பதை அந்த நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் காயம் சிறியது, வைத்தியம் தேவைப்படவில்லை, ஆகவே வழக்கு நிற்காது என்றார்கள்!

கடை வைத்திருக்கும் சகோதரரே! படிக்கல்லின் அடியைக் குடைந்து வைத்திருப்பவன் பிடிபட்டு, "ஐம்பது கிராம்தானே குறைந்தது" என்றால் ஒப்புக்கொள்வீர்களா? குறைந்த சரக்கையா பார்ப்பீர்கள், குடைந்த கையையா?

அமெரிக்க உச்சநீதிமன்றம் கையைத்தான் பார்த்தது. 1992 பிப்ரவரி 25-ல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். ஒழுங்கை நிலைநாட்ட நல்லெண்ணத்தோடு பலம் பயன்படுத்தப்பட்டதா, வதைக்க வேண்டும் என்ற வக்கிரத்தோடா? இதுவே முதல் கேள்வி. காயத்தின் அளவு ஒரு சாட்சியமே தவிர, வாசற்கதவு அல்ல. அதற்காக ஒவ்வொரு தள்ளுமுள்ளும் அரசியல் சாசன வழக்காகிவிடாது என்றும் சொல்லி வைத்தார்கள். தழும்பே விழாமல் சித்திரவதை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று சுட்டிக்காட்டியவர் நீதிபதி பிளாக்மன். மாறுபட்ட இருவர் தாமஸும் ஸ்காலியாவும். இப்படிப்பட்ட அடி குற்றமாகவே இருக்கலாம், வேறு சட்டத்தில் பரிகாரம் தேடட்டும் என்பது அவர்கள் வாதம். காவலர்களை வைத்திருக்கும் அதே மாநிலத்திடமே போய்த் தேடட்டும் என்பதுதான் இதன் பொருள்!

ஹட்சன் கையில் எடுத்த சட்டம் 1871-ல் வந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை கு கிளக்ஸ் கிளான் கும்பலிடமிருந்து காக்க இயற்றியது. சிறைக்கைதிக்கும் அது பொருந்தும் என்று 1964-ல் வழி திறந்த கைதி யார் தெரியுமா? தாமஸ் கூப்பர் என்ற முஸ்லிம். இல்லினாய் சிறையில் மார்க்க நூல்களை வாங்கவிடாமல் தடுத்தார்கள் என்று வழக்குப் போட்டவர்.

திறந்த கதவை 1996-ல் நாடாளுமன்றம் ஒருக்களித்துச் சாத்தியது. முதலில் சிறை நிர்வாகத்திடமே முறையிட்டு முடிக்க வேண்டும். கெடு தவறினால் வழக்குப் போச்சு! யார் மீது புகாரோ அவர்கள் காலடியிலேயே மனு. 2010-ல் வட கரோலினா கைதி ஒருவரின் வழக்கில், காயம் அற்பம் என்று கீழ்நீதிமன்றங்கள் மறுபடியும் தள்ளிவிட, உச்சநீதிமன்றம் அதே பாடத்தை மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஜெயித்த கைதியின் வக்கீலுக்கு எதிர்த்தரப்பு தர வேண்டிய கட்டணம் நஷ்டஈட்டில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது அந்த 1996 சட்டம். ஹட்சனுடைய 800 டாலருக்கு அது 1,200 டாலர். பல வருடம் இழுக்கும் வழக்குக்கு, அந்தப் பணத்தை நம்பி எந்த வக்கீல் அங்கோலாவுக்கு வண்டி ஏறுவார்?