பெற்றோர் கையில் உள்ள அதிகாரம்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. தாராவிப் பிள்ளைகள் தலைமுறைகளாக அங்கே படித்தவர்கள். வாடகை தாங்காமல் குடும்பங்கள் மாநகர எல்லை தாண்டி அம்பர்நாத் பக்கம் போகும்போது, தமிழ் வகுப்பும் கைவிட்டுப் போகிறது.

இதைத் தட்டிக் கேட்கப் பெற்றோருக்கு ஒரு வழி உண்டு. கல்வி உரிமைச் சட்டம் (2009), பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு இடங்களைப் பெற்றோருக்கு ஒதுக்குகிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் இந்தக் குழுவின் பொறுப்பு. பெரிய அதிகாரம்தான். ஆனால் வேலை நாளில், பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், வீட்டு வேலைக்குப் போகும் தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டா வருவார்? வந்தாலும், தீர்மானம் அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்து மட்டுமே அவருடையது.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். தீர்மானத்தைத் தமிழிலும் வாசித்துக் காட்டுங்கள். இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான்; அதற்குப் பிறகு பிள்ளை எங்கே படிப்பது என்பதை முதல் பொருளாக எடுங்கள்; மாநகராட்சி அதற்கு எழுத்தில் பதில் தரவேண்டும்.