ஐம்பதாயிரம் கண்ணிகள்

திருப்பதியில் ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்றால் நண்பர்கள் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும். சித்திரை வெயிலில் விடுதிச் சுவரே தணலாய்க் கொதிக்கும் ஊர் இது. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் படிக்கும் நமக்கு நூலும் ஊசியும் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை பின்னால் வரும். அதனினும் பெரிய கேள்வி ஒன்று அண்மையில் நம் மன்றக் கூட்டத்தில் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அமர்த்தப்பட்டது. அதைத்தான் இங்கே மீண்டும் எழுப்புகிறேன்.

நடந்தது இதுதான். பொங்கல் விழாவின்போது மன்ற நிதிக்காக ஒரு கடை வைப்பது. மாணவியர் கையால் பின்னிய தொப்பி, கழுத்துத்துண்டு, குழந்தைச் சட்டை முதலியவற்றை அதில் விற்பது என்று ஒரு நண்பர் கூறினார். நல்ல யோசனை. நூலுக்கு மன்றம் பணம் தரும் என்றார். அதுவும் நன்று. "பின்னுகிறவர்களுக்குக் கூலி?" என்று ஒரு மாணவி கேட்டார். "பொழுதுபோக்காகச் செய்வதற்குக் கூலியா அக்கா?" என்று பதில் வந்தது. அவை சிரித்தது. நாம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம்.

பொழுதுபோக்கு! அந்த ஒரு சொல்லின் மீதுதான் எனக்கு வழக்கு.

என் பாட்டனார் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கடல் கடந்து திரும்பியவர். கோத்தகிரிப் பக்கம் குடியேறிய அந்தக் குடும்பத்திலிருந்து, படிப்புக்காக இன்னொரு முறை இடம் பெயர்ந்து ஆந்திரத்துக்கு வந்தவன் நான். கோத்தகிரியில் குளிர் உண்டு. ஆகவே பின்னலும் உண்டு. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, இரவில் அடுப்பங்கரையில் அமர்ந்து என் தாயார் ஸ்வெட்டர் பின்னுவார். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் கடைக்காரர் ஒருவர் நூலைக் கொடுத்தனுப்புவார். பின்னி முடித்த சட்டை ஒன்றுக்கு 250 ரூபாய் தருவார். "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானேம்மா" என்பார். கூடை சுமந்து வந்த உடம்புக்குச் சும்மா இருக்கிற நேரமாம்!

நான் பௌதிகம் படிப்பவன். எதையும் எண்ணிப் பார்க்கும் நோய் எனக்கு உண்டு. இதையும் எண்ணினேன். ஊசியில் விழும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்போம். நடுத்தரத் தடிமன் உள்ள நூலில் பத்துச் சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணிகள். பத்துச் சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசைகள். மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 200 கண்ணிகள். உடற்பகுதியின் நீளம் 60 சென்டிமீட்டர் என்றால் 168 வரிசைகள். பெருக்கினால் 33,600. இரண்டு கைகளுக்குமாக ஏறத்தாழ 16,400 சேருங்கள். ஐம்பதாயிரம் கண்ணிகள்! கழுத்து வளைவுக்குக் குறைவதும் ஓரப்பட்டிகளுக்குக் கூடுவதும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். வேலை முடித்து வந்த அலுப்போடு பின்னும் கை நிமிடத்துக்கு இருபது கண்ணி போடும் என வைத்தால் 2,500 நிமிடம். அதாவது 41 மணி 40 நிமிடம். 250 ரூபாயை இதனால் வகுத்தால் மணிக்கு ஆறு ரூபாய். நம் பல்கலைக்கழக வாயிலில் ஒரு கோப்பைத் தேநீர்கூட அதற்குக் கிடைக்காது.

அந்த ஆறு ரூபாயை நியாயப்படுத்தியது எது? "சும்மா இருக்கிற நேரம்" என்ற சொல். நம் மன்றத்தில் ஒலித்த "பொழுதுபோக்கு" அதன் உடன்பிறப்பு. மணிக்கு ஆறு ரூபாய் என்று வெளிப்படையாகச் சொன்னால் எந்தப் பெண்ணும் ஊசியைத் தூக்கி எறிந்துவிடுவாள். வேலை என்று சொல்லாமல் ஓய்வு என்று சொன்னால்தான் வியாபாரம் நடக்கும்.

இது என் வீட்டுக் கதை மட்டுமென்று கருத வேண்டாம். நாம் வந்து படிக்கிற இந்த மாநிலத்திலேயே, கோதாவரிக் கழிமுகத்தில், நரசாபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் குடும்பங்களின் வழியே அங்கு வந்த லேஸ் பின்னல் இன்றும் நடக்கிறது. இரண்டு ஊசிகொண்டு பின்னுவது அன்று. கொக்கி ஊசி ஒன்றால் பின்னும் குரோஷா வேலை. மரியா மீஸ் என்னும் செருமானிய சமூகவியலார் அந்தப் பெண்களிடையே ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது என்ன? வெளிநாட்டுச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைக்கும் பெண்கள் தொழிலாளர் கணக்கிலேயே வரவில்லை. "வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று சொல்லப்பட்டார்கள். தரகரும் ஏற்றுமதியாளரும் செழித்தனர். பின்னிய விரலுக்குக் கிடைத்தது அற்பக் கூலி. 2024-இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஊர்ப் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. விரலின் கூலிக்கு எப்போது வரும் என்று கேட்பது தவறாகாது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். "அன்போடு பின்னிக் கொடுப்பதற்கும் விலை பேசுவாயா?" என்று கேட்கலாம். பேசமாட்டேன். 1962-இல் சீனப் போரின்போது, இமயத்தின் பனியில் நின்ற வீரர்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அக்கா தம்பிக்கும், தாய் மகனுக்கும் பின்னுவது கொடை. கொடையைத் தராசில் வைப்பவன் மூடன். ஆனால் அதே சட்டை கடை மேசைக்கு வந்து, விலைச் சீட்டுத் தொங்கி, ஒருவர் காசை எண்ணிப் பெட்டியில் போட்ட கணமே அது சரக்காகிறது. சரக்கில் நூலின் விலை இருக்கிறது, கடையின் வாடகை இருக்கிறது. உழைத்தவர் பங்கு மட்டும் கொடை என்றால், கொடுத்தவர் யார், கொண்டவர் யார்?

இன்னொரு மறுப்பும் உண்டு. "பெரிய வித்தையா இது? பாட்டிமார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்வதுதானே?" என்பார்கள். செய்து பாருங்கள். நூலை இழுத்தால் நீளாது. அதே நூலைப் பின்னிய துணியோ இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். ஏன்? நீளுவது நூலன்று, வளைந்து கிடக்கும் கண்ணிகள் நிமிர்கின்றன. நேர்க் கண்ணியையும் எதிர்க் கண்ணியையும் எந்த ஒழுங்கில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே நூல் விறைப்பான துணியாகவும் ஆகும், ரப்பர்போல் இழுபடும் பட்டியாகவும் ஆகும். இதை அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எலிசபெத்தா மட்சுமோட்டோ என்னும் பௌதிக அறிஞர் முறையான ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார். யூக்ளிடின் விதிக்கு அடங்காத குழிவளைவுத் தளத்தைக் காகிதத்தில் செய்து காட்டக் கணித ஆசிரியர்கள் திண்டாடியபோது, கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா 1997-இல் அதைக் குரோஷா ஊசியால் பின்னிக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வித்தையைப் பாட்டிமார் கைகள் எவ்வளவு காலமாய் அறிந்திருக்கின்றன! அவர்களுக்குப் பட்டம் தருவார் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

"ஆம்பளப் பிள்ளைக்கு இது என்ன வேலை?" சித்தூரிலிருந்து திருப்பதி வரும் பேருந்தில் நான் பின்னிக்கொண்டு வரும்போது தமிழர் கேட்பது இது. தெலுங்குப் பாட்டியம்மா ஒருவர் மட்டும், "எவரிகோசம் பாபூ?" என்றார். யாருக்காகப் பின்னுகிறாய் என்பது கேள்வி. இரண்டில் எது நாகரிகமான கேள்வி என்று சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னலாளர் சங்கங்கள் ஆடவர் கையில் இருந்தன. பெரு நாட்டில், டிட்டிகாகா ஏரியிலுள்ள தக்கீலே என்னும் தீவில் ஆண்கள்தாம் தொப்பி பின்னுகிறார்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் அரும்பேறு என்று அறிவித்தது. ஆகவே கூட்டத்தில் "மாணவியர் பின்னுவர்" என்று முடிவு செய்தபோதே பாதித் தவறு நிகழ்ந்துவிட்டது. மாணவர் கைகள் என்ன நோன்பு பிடிக்கின்றனவா?

இனி, முதலில் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். இந்த வெயில் ஊரில் எந்த நூலால் பின்னுவது?

சித்தூர்க் கடைவீதியில் "உல்லன்" என்று கேட்டால் வண்ண வண்ணமாய்ப் பந்துகளை எடுத்து அடுக்குவார்கள். பெரும்பாலும் அவற்றில் ஆட்டின் மயிர் ஓர் இழையும் இராது; முழுதும் அக்ரிலிக், இரசாயன இழை. ஐயமிருந்தால் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மைக் கம்பளி தலைமயிர் கருகும் நாற்றம் அடிக்கும்; தீயை விலக்கினால் தானே அணையும்; சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கருமணியாய் நிற்கும். பருத்தி காகிதம்போல் எரியும். கம்பளியின் சிறப்பு, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கியும் நனைந்ததாய்க் காட்டாமை; வாங்கும்போது சற்று வெப்பமும் விடும். அதனால்தான் நீலகிரி மூடுபனிக்கு அது உற்ற துணை. நீலகிரிச் செம்மறியின் மென்மயிரும் அதற்கு ஏற்றது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் அந்த ஆட்டினத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தப் பக்கத்து நெல்லூர் இனச் செம்மறியை நம்பிப் பயனில்லை. அது இறைச்சிக்கான ஆடு, அதன் மேலிருப்பது முடி.

எனக்குப் பிடித்த நூல் எது என்றால், வீட்டில் கம்பளி. இங்கே சந்தேகமின்றிப் பருத்தி. பருத்தியில் பின்னுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய இரட்டை ஊசிப் பின்னல்கள் எகிப்திலிருந்து வந்தவை, நீலமும் வெள்ளையுமாய்ப் பின்னிய காலுறைகள், நூலோ பருத்தி! வெயில் நாட்டில் பிறந்த கலையைத்தான் குளிர்நாட்டுச் சொத்து என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பருத்தி கம்பளிபோல் மீள்வதில்லை, கனத்தால் தொய்யும். ஆகவே பெரிய சட்டைக்கு அவ்வளவு உகந்ததன்று; சிறு பொருளுக்கு மிக நன்று.

சிறு பொருளுக்கு இந்த ஊரைப் போல் தேவையுள்ள ஊர் வேறு எது? திருமலை கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல். மார்கழி விடியற்காலையில் கல்யாணகட்டாவில் முடியிறக்கி வெளியே வரும் பச்சைக் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். மொட்டைத் தலையில் சந்தனமும் குளிர்காற்றும் ஒருங்கே படக் கதறும் குழந்தைக்கு ஒரு மெல்லிய பருத்தித் தொப்பி எவ்வளவு ஆறுதல்! நம் கடையில் அதை விற்கலாம். பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் தலைவழி விரைந்து இழக்கப்படுவதால் தொப்பி அணிவிக்க வேண்டும் என்று மருத்துவர்களும் கூறுகின்றனர்; எஞ்சியவற்றை மருத்துவமனைக்குக் கொடையாகவே தரலாம். அது கொடை. அதற்குக் கணக்கு வேண்டாம்.

விற்பதற்கு வேண்டும். பெரியவர் தொப்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 5,000 கண்ணி. நான்கு மணி பத்து நிமிடம். மணிக்கு 60 ரூபாய் என்று குறைந்த அளவே வைத்தாலும் 250 ரூபாய் கூலி, நூலுக்கு 50. ஆக 300 ரூபாய். "எதிர்க் கடையில் இயந்திரத் தொப்பி நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறதே, யார் வாங்குவார்?" என்று நம் பொருளாளர் கேட்பார். சிலர் வாங்குவர், பலர் வாங்கமாட்டார்கள். அப்படியானால் இருநூறு தொப்பி வேண்டாம், இருபது போதும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டுவோம்: பின்னிய நேரம் இவ்வளவு, நூல் விலை இவ்வளவு, பின்னியவருக்குச் சேர்வது இவ்வளவு என்று. 300-க்கு மேல் யார் எவ்வளவு விரும்பிக் கொடுத்தாலும் அது மன்ற நிதிக்கு. பின்னியவர் தம் கூலியை மன்றத்துக்கே தர விரும்பினால் தரட்டும். பெற்றுக்கொண்ட பிறகு தரட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதையே தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். பின்னக் கற்க விரும்பும் மாணவர் எவரும் சனிக்கிழமை மாலை என் அறைக்கு வரலாம். நான்கு மில்லிமீட்டர் ஊசி ஒரு சோடியும் பருத்தி நூல் ஒரு பந்தும் கொண்டுவந்தால் போதும். முதல் வாரம் கண்ணி நழுவும். இரண்டாம் வாரம் நழுவிய கண்ணியை எடுக்கக் கற்றுத்தருகிறேன்.