விசைப்பலகையும் விழுமிய தொழிலும்

உழவனுக்கு ஏரும் தச்சனுக்கு உளியும் எத்தகையனவோ, கணினித் தொழில் செய்வானுக்கு விசைப்பலகையும் அத்தகையதே. சென்ற விடுமுறையிலே, முன்னர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவரொருவர் வந்திருந்தார். கொழும்பிலே கணினித் துறையில் நல்ல ஊதியம் பெறுபவர். "சேர், கந்தோருக்கு எந்த விசைப்பலகை நல்லது என்று ஆராய்ந்தே ஒரு மாதம் போய்விட்டது, வேலையிலோ மனம் ஒட்டவில்லை" என்றார். இவை வெவ்வேறு குறைகள் போலத் தோன்றினும், ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதே எமது துணிபு.

முன்னையதைச் சுருங்கக் கூறலாம். பலர் கூடியிருந்து வேலை செய்யும் மண்டபத்திலே உரத்து ஒலிக்கும் விசைகள் அயலவருக்குத் தொல்லை. ஓசை குறைந்து இறங்குவனவும், விரலுக்கு மட்டும் மெல்லிய தடையை உணர்த்துவனவும் உள. அவற்றுள் ஒன்றைக் கொள்க. பலகை முழங்கையின் மட்டத்தில் அமைதலும், மணிக்கட்டு மேல்நோக்கி மடியாதிருத்தலும் விலையினும் முக்கியமானவை. ஒரு பக்கமேனும் அடித்துப் பாராது வாங்கற்க.

ஆயின், பலகையின் உடலினும் எழுத்துக்கள் நிற்கும் ஒழுங்கே பெரிது. 1874 இல் விற்பனைக்கு வந்த தட்டெழுத்துப் பொறியின் ஒழுங்கே ஆங்கிலப் பலகையில் இன்றும் பெரும்பாலும் நிலைத்துள்ளது. உயிரெழுத்துக்களை இடக்கைக்கு வகுத்த வேறோர் ஒழுங்குக்கு 1936 இல் ஓகஸ்ற் துவொறாக் என்பார் காப்புரிமை பெற்றும், பழக்கமே வென்றது. தமிழுக்கு வழி கண்டவரோ, 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூரிலே தொழில் புரிந்த ஆர். முத்தையா. 247 எழுத்துக்களைச் சில விசைகளுள் அடக்குதல் எளிதோ? புள்ளிக்கும் விசிறிக்கும், அடித்தாலும் பொறி நகராத விசைகளை வைத்து அதனைச் சாதித்தார். உத்தியோகத்தோடு நில்லாது, தம் மொழிக்கு இல்லாததை ஆக்க முனைந்தமையாலன்றோ அவர் பெயர் நிலைத்தது!

1999 இல் வகுக்கப்பட்ட 'தமிழ்99' ஒழுங்கிலே உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. ஒரு மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன்மேற் புள்ளி தானே விழும். இத்துணை வசதியிருந்தும், நம்மவருட் பலர் ஆங்கில எழுத்தால் அடித்தே தமிழை வருவிக்கின்றனர். அவ்வழியில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே நிற்பது சிற்றெழுத்து, பேரெழுத்து என்னும் வேறுபாடு ஒன்றே. எம் மாணவனொருவனின் பெயரிலுள்ள ளகரம் ஒரு கந்தோரின் பத்திரத்திலே லகரமாயிற்று. பிறப்புச் சான்றோடு அது பொருந்தாமையால், கூலித்தொழிலாளியான அவன் தந்தையார் மூன்று நாட் கூலியை இழந்து அலைந்தார். அடித்தவருக்கு அது ஓர் எழுத்து. அக்குடும்பத்துக்கோ மூன்று நாட் சோறு.

இதனையே அம்மாணவருக்கும் கூறினோம். ஊதியம் வேண்டாவென்பதன்று, ஊதியம் ஒன்றே மனநிறைவைத் தாராது. தாம் ஆக்கும் படிவத்திலே ஓர் ஏழையின் பெயர் பிழையின்றி விழுகின்றதா என்று சோதிப்பவன், தன் உழைப்பு யாரைச் சென்று சேர்கின்றதென அறிவான். அவ்வறிவே தொழிலுக்குச் சுவை.

கணினித் துறையிலுள்ள பழைய மாணவர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. இவ்விழா ஆண்டிலே வாரத்தில் ஒரு மணி நேரம் நம் கல்லூரிக்குத் தருக. தமிழ் விசைப்பலகையைப் பாராது அடிக்க இளைஞருக்குப் பயிற்றுக. நாற்பது கடந்த இவ்வாசிரியனும் அவ்வகுப்பின் முதல் வாங்கிலே மாணவனாய் அமரச் சித்தமாயுள்ளான்.