கத்தியைக் கொடுத்தா போதுமா?

"பாகுபலி மாதிரி பெண்களை கெத்தா காட்டின படம் உண்டா?" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிவகாமி, தேவசேனா சரி, ஒத்துக்கொள்கிறேன். அவந்திகா?

2015-ல் வந்த முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். அவந்திகா ஒரு போராளி. தேவசேனாவை மீட்டு வரும் பொறுப்பு அவளுடையது. அப்புறம் ஹீரோ வருகிறார். அவளுக்கே தெரியாமல் அவள் கையில் படம் வரைகிறார். அவள் சண்டை போடப் போட முடியை அவிழ்த்து, உடையை மாற்றி, மை தீட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி "பெண்" ஆக்குகிறார். உடனே அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது! கொஞ்ச நேரத்தில் அவள் பொறுப்பும் ஹீரோ கைக்குப் போய்விடுகிறது. 2017-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் கெட்டிக்காரர்கள் :-)

"ராஜா காலத்துக் கதை, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். கல்கி 1950-54-ல் எழுதிய பொன்னியின் செல்வனும் ராஜா காலத்துக் கதைதானே? அதில் பூங்குழலி ராத்திரியில் தனியாகப் படகு வலிக்கிறாள். வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோய் விடுகிறாள். கடலில் தத்தளிக்கும் அவனையும் அருள்மொழியையும் காப்பாற்றுகிறாள். அவளிடம் துடுப்பைப் பிடுங்கி "நான் பார்த்துக்கறேன்" என்று யாரும் சொல்வதில்லை.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை இருக்கிறதே! உடுக்கடித்துப் பாடுகிற கதை. வரப்போவதைக் கனவில் கண்டு சொல்வது தங்கை தங்காள். படுகளத்தில் விழுந்த அண்ணன்களைத் தேடிப் போய் எழுப்புவதும் அவள்தான். 1965-ல் காங்கேயம் பக்கம் இந்தக் கதையைப் பாடவைத்துப் பதிவு செய்த ஆய்வாளர் பிரெண்டா பெக், 1982-ல் அதைப் பற்றிய தன் புத்தகத்துக்கு 'மூன்று இரட்டையர்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். மூன்று! நாம் என்ன செய்தோம்? கலைஞரின் நாவலும் 'பொன்னர் சங்கர்', 2011-ல் வந்த படமும் 'பொன்னர் சங்கர்'. தலைப்பில் தங்கச்சிக்கு இடமில்லை.

என் கணக்கு ரொம்ப எளிது. அந்தப் பெண்ணைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். பூங்குழலி இல்லையென்றால் இருவரும் கடலோடு போயிருப்பார்கள். தங்காள் இல்லையென்றால் அண்ணன்கள் எழவே மாட்டார்கள். அவந்திகாவை எடுத்துவிட்டு, அருவியில் ஏற ஹீரோவுக்கு வேறொரு காரணம் கொடுங்கள். கதை பாட்டுக்கு ஓடும். கையில் கத்தி இருக்கிறதா என்பது பேச்சே இல்லை.

"சினிமாதானே, விடேன்" என்கிறீர்களா? முரட்டுப் பெண் ஒரு நோய், ஹீரோவின் கை அதற்கு மருந்து என்று சொல்கிற காட்சிக்குத் தியேட்டரில் விசில் அடிக்கிறோம். "வேண்டாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம்" என்று பஸ் ஸ்டாப்பில் பின்னாலேயே வருகிறவன் அதை வேறெங்கே படித்தான்?

பனைமரத்தை வளைத்து, அதில் வீரர்களை ஏற்றிக் கோட்டைக்குள் பறக்கவிடத் தெரிந்த கற்பனை அய்யா அது! ஒரு பெண் தான் எடுத்த வேலையைத் தானே முடிப்பதை மட்டும் ஏன் அதனால் கற்பனை செய்ய முடியவில்லை?