ஆன்லைன் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு: கடனுக்கு வரம்பு, பயிற்சிக்கு யார் கதவைத் தட்டுவது?

"அமெரிக்காவில் நர்ஸிங் இனிமே புரொஃபஷனல் டிகிரியே கிடையாதாம்!" 2025 நவம்பரில் சமூக ஊடகங்களில் வேகமாகச் சுற்றிய செய்தி இது. அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்களும், அங்கே போக இங்கிருந்து தயாராகிக் கொண்டிருப்பவர்களும் ஒரு நிமிடம் ஆடித்தான் போனார்கள்.

முதலில் பதற்றத்தைக் குறைத்துக்கொள்வோம். யாருடைய நர்ஸ் லைசென்ஸும் பறிபோகவில்லை, சம்பளமும் குறையவில்லை. மாறப்போவது மேற்படிப்புக்கான கல்விக்கடன். அதனால் அடி வாங்கக்கூடிய கூட்டத்தில் முக்கியமானவர்கள், வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் 'ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்' படிப்பவர்கள். சுருக்கமாக எஃப்.என்.பி.

நர்ஸா, டாக்டரா?

ரெண்டுக்கும் நடுவில். 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் நல மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்த பதவி இது. டாக்டர்கள் போதாத இடங்களில், கூடுதலாகப் படித்த நர்ஸே நோயாளியைப் பரிசோதித்து, டெஸ்ட் எழுதி, நோயைக் கண்டுபிடித்து, மருந்தும் எழுதித் தரலாம் என்பதுதான் யோசனை. இன்று அமெரிக்காவில் சளி, சுகர், பிரஷருக்கு கிளினிக் போனால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் டாக்டர்தான் என்று சொல்ல முடியாது. நர்ஸ் பிராக்டிஷனர்களில் பத்தில் ஏழு பேர் குடும்ப மருத்துவப் பிரிவான இந்த எஃப்.என்.பி-யில் பயிற்சி பெற்றவர்கள்.

ஈர்ப்புக்குக் காரணம் சம்பளமும்தான். அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023-ல் சாதாரண பதிவு பெற்ற நர்ஸின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 86,000 டாலர். நர்ஸ் பிராக்டிஷனருக்கு சுமார் 1,26,000. 2033-க்குள் இந்த வேலைகள் 46 சதவீதம் பெருகும் என்றும் அதே துறை கணித்திருந்தது. வேறு எந்தத் துறையிலும் எளிதில் பார்க்க முடியாத வளர்ச்சி.

ஆன்லைன்னா, எவ்வளவு ஆன்லைன்?

பாடம் மட்டும்தான். மருந்தியல், நோய்க்குறியியல், உடல் பரிசோதனை முறைகள் எல்லாம் லேப்டாப்பில் பார்க்கலாம். ஆனால் நோயாளியை நேரில் பார்க்கும் பயிற்சி குறைந்தது 750 மணி நேரம் இருக்க வேண்டும். முன்பு 500 மணி நேரமாக இருந்ததை, 2022-ல் திருத்திய தேசிய தரநிலைகள் இப்படி உயர்த்தின.

750 மணி நேரம் என்றால் எவ்வளவு? டல்லாஸில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் 12 மணி நேர ஷிப்ட். மீதி நாட்களில் இரண்டை கிளினிக் பயிற்சிக்கு ஒதுக்கினால் வாரத்துக்கு 16 மணி நேரம். 750-ஐ முடிக்க ஏறக்குறைய 47 வாரம் ஆகும். மொத்தத்தில் வாரம் 52 மணி நேரம் காலில் நிற்க வேண்டும். அதற்கு மேல்தான் அசைன்மென்ட், பரீட்சை, வீடு, குழந்தைகள். "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்ற விளம்பர வரியில் இந்த 47 வாரம் வராது.

சரி, நேரத்தைக் கூட ஒதுக்கிவிடலாம். இடம்?

பிரிசெப்டர் வேட்டை

இங்கேதான் பலர் திணறுகிறார்கள். பயிற்சிக்குப் போகும் மாணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லித்தரும் டாக்டர் அல்லது நர்ஸ் பிராக்டிஷனருக்கு 'பிரிசெப்டர்' என்று பெயர். நேரடிக் கல்லூரிகளுக்கு அக்கம்பக்கத்து மருத்துவமனைகளோடு பழைய உறவு இருக்கும். ஆனால் கல்லூரி ஒரு மாநிலத்திலும் மாணவர் இன்னொரு மாநிலத்திலும் இருக்கும் ஆன்லைன் படிப்பில், பல இடங்களில் "நீங்களே தேடிக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். மாணவர் கிளினிக் கிளினிக்காக மெயில் அனுப்பி, போன் போட்டு, தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்துக் காத்திருக்கிறார்.

எஃப்.என்.பி-க்கு இது இன்னும் சிக்கல். குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரையும் பார்த்துப் பழக வேண்டும், கர்ப்பிணிகளையும் பெண்கள் நலப் பிரிவையும் சேர்த்து. ஒரே கிளினிக்கில் இதெல்லாம் கிடைப்பது அபூர்வம். குழந்தைகள் கிளினிக்கில் இடம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதே நாற்காலிக்கு மருத்துவ மாணவர்களும் போட்டி போடுகிறார்கள்.

கிளினிக் பக்கமும் நியாயம் உண்டு. பெரும்பாலான பிரிசெப்டர்களுக்கு இதற்காகச் சம்பளம் கிடையாது. மாணவரை வைத்துக்கொண்டு நோயாளி பார்த்தால் வேகம் குறையும், வருமானமும் குறையும். இதைச் சரிக்கட்டத்தான் ஜார்ஜியா, மேரிலாந்து, ஹவாய் போன்ற மாநிலங்கள் பிரிசெப்டர்களுக்கு வரிச்சலுகை தருகின்றன. இன்னொரு பக்கம், காசு வாங்கிக்கொண்டு பிரிசெப்டரைப் பிடித்துத் தரும் தனியார் நிறுவனங்கள் முளைத்துவிட்டன. கட்டணம் கட்டிய படிப்புக்கு, பயிற்சி இடத்துக்காக இன்னொரு முறை கட்டணம்!

கடன் கணக்கு இங்கே எப்படி இடிக்கிறது?

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம், முதுநிலை மாணவர்களுக்கான 'கிராட் பிளஸ்' கடனை 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு நிறுத்துகிறது. படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் வாங்க வழி செய்த திட்டம் அது. இனி சாதாரண முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான் வரம்பு. 'புரொஃபஷனல்' படிப்பு என்றால் ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம்.

யார் புரொஃபஷனல்? கல்வித்துறை அமைத்த குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம், கைரோபிராக்டிக், ஏன், இறையியல் கூட இருக்கிறது. நர்ஸிங் இல்லை. நர்ஸிங் அமைப்புகள் கொதித்ததற்குக் காரணம் இதுதான்.

"நர்ஸிங் மாணவர்களில் 95 சதவீதம் பேர் இந்த ஆண்டு வரம்புக்குக் கீழேதான் கடன் வாங்குகிறார்கள், பிறகென்ன?" என்பது கல்வித்துறையின் பதில். கட்டணத்துக்கு வரம்பில்லாமல் கடன் கொடுத்ததால்தான் கல்லூரிகள் விலையை ஏற்றின என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு: பகுதி நேரமாகப் படித்தால், கடன் வரம்பும் அந்த விகிதத்தில் குறையும். பாதிப் பாடங்கள் எடுத்தால் கிடைப்பது 20,500 அல்ல, அதில் பாதி. வேலையை விடாமல் ஆன்லைனில் படிப்பவர்கள் பலரும் பகுதி நேர மாணவர்களே. நம்ம டல்லாஸ் நர்ஸுக்கு முன்னால் இருக்கும் வழிகள்: கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகம், வேலை பார்க்கும் மருத்துவமனையின் உதவித்தொகை, அல்லது தனியார் கடன்.

அப்போ தரம்?

ஆன்லைன் படிப்புகள் பெருகிய வேகத்தில் பயிற்சியின் தரம் போய்விட்டதா என்று புளூம்பெர்க் பிசினஸ்வீக் 2024-ல் விரிவாகவே எழுதியது. டாக்டர்கள் அமைப்புகளும் இதைச் சொல்லித்தான் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தருவதை எதிர்க்கின்றன. இதில் குற்றவாளி 'ஆன்லைன்' என்ற சொல் இல்லை. மருந்தியல் வகுப்பை வீடியோவில் பார்ப்பதால் யாரும் மோசமான சிகிச்சை தந்துவிடப் போவதில்லை. ஆனால் 750 மணி நேரம் யாரிடம் கழிகிறது என்பதைக் கல்லூரி பொறுப்பெடுக்காமல் மாணவரின் அதிர்ஷ்டத்துக்கு விட்டால், நல்ல பிரிசெப்டர் கிடைத்தவரும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவரும் கடைசியில் ஒரே பட்டத்தோடுதான் வெளியே வருவார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு தேசியத் தேர்வு, அப்புறம் மாநில லைசென்ஸ். டெக்சாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து நியூ மெக்சிகோவில் வேண்டாம்.

சென்னையிலிருந்தே படிக்கலாமா?

படிப்பு ஆன்லைன் என்பதால் பலருக்கும் வரும் கேள்வி. நடைமுறையில் முடியாது. சேரவே அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் நர்ஸ் லைசென்ஸ் கேட்பார்கள். பயிற்சியும் அங்கே உள்ள கிளினிக்கில்தான். முழு ஆன்லைன் படிப்பைக் காட்டி மாணவர் விசாவும் வாங்க முடியாது. எனவே வரிசை இதுதான்: இங்கே பி.எஸ்சி நர்ஸிங், பிறகு என்க்ளெக்ஸ் தேர்வு, வேலை வழியாக அமெரிக்கப் பயணம், அங்கே சில வருட அனுபவம், அதற்கு அப்புறம்தான் எஃப்.என்.பி. சேர்வதற்கு முன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் இரண்டு: நான் வசிக்கும் மாநிலத்தில் உங்கள் பட்டம் லைசென்ஸுக்குச் செல்லுமா? எனக்குப் பிரிசெப்டர் கிடைக்காவிட்டால் நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா?